இருட்டு எண்ணிக்கை: ஒற்றை ஒளித்துகளை நம்பி எண்ணக் கற்ற கதை

இன்றைய பதிவு நீளமானது. அறிவியல் வரலாறு என்று உட்கார்ந்தால் எனக்குக் கை நிற்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் பாடப்புத்தகங்களில் 'கண்டுபிடித்தார்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. இன்னார், இன்ன ஆண்டு, இன்ன கருவி. கோடிட்ட இடத்தை நிரப்பினால் ஒரு மதிப்பெண். ஆனால் ஒரு கருவியின் வரலாற்றில் கண்டுபிடிப்பு பாதிக் கதைதான். அந்தக் கருவி சொல்வது மெய்யா பொய்யா என்று சோதித்து, பொய்யை ஒவ்வொன்றாகக் களைந்தெடுத்தது மீதிப் பாதி. அந்தப் பாதியைப் பாடத்தில் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்று அதைச் சொல்கிறேன். கருவியின் பெயர் மீக்கடத்தி ஒற்றை ஃபோட்டான் உணர்வி. பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

ஒளி துகள் துகளாக வருகிறது. அந்தத் துகளின் பெயர் ஃபோட்டான். ஒரு வாட் பச்சை ஒளியில் நொடிக்கு ஏறத்தாழ 25,000 கோடி கோடி ஃபோட்டான்கள் இருக்கும். அதில் ஒன்றே ஒன்று வந்தால்கூட 'வந்தது' என்று சொல்லும் கருவி வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எதுவுமே வராதபோது அந்தக் கருவி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் கடினம்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த எவருக்கும் இது புரியும். வராத பையனின் எண்ணைக் கூப்பிட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து வேறொரு குரல் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும். பதிவேட்டில் 42 பேர் இருப்பார்கள். தலையை எண்ணினால் 40 தான் தேறும். ஒளியை எண்ணும் கருவிகளிலும் இந்தக் கள்ளக் குரல் உண்டு. ஒளியே படாத இருட்டில் கருவி தானாகப் பதிவுசெய்யும் எண்ணிக்கைக்கு 'இருட்டு எண்ணிக்கை' என்றே பெயர். 42-ல் இரண்டு பொய் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். வந்திருப்பதே ஒரே ஒரு பிள்ளை என்றால், ஒரு கள்ளக் குரல் போதும், பதிவேடு முழுக்கக் கெட்டுவிடும்.

இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததல்ல. 1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள்களை எண்ணியபோது அவர்களுடைய உணர்வி மனிதக் கண்தான். துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் துகள் பட்டால் ஒரு மினுக்கல் தெரியும். இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியாக அந்த மினுக்கல்களை எண்ண வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் சோர்ந்துவிடும். சோர்ந்த கண் இருப்பதை விட்டுவிடும், இல்லாததைப் பார்க்கும்.

அதற்காகக் கண்ணைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1942-ல் ஹெக்ட், ஷ்லேயர், பிரென் என்ற மூவர் நடத்திய சோதனையில், விழித்திரை சில ஃபோட்டான்களை உறிஞ்சிக்கொண்டாலே மனிதருக்கு ஒளி தெரிகிறது என்று தெரியவந்தது. ஐந்து முதல் பதினான்கு வரை என்பது அவர்கள் கணக்கு. ஆனாலும் ஒன்றை மட்டும் எண்ணச் சொன்னால் கண்ணை நம்ப முடியாது. இருட்டில் கண்ணை மூடிப் பாருங்கள், முழுக் கறுப்பு தெரிகிறதா? மங்கலாக ஏதோ மினுமினுக்கும். விழித்திரைக்கும் தனக்கென ஓர் இருட்டு எண்ணிக்கை இருக்கிறது.

அடுத்த கட்டம் மின்கருவி. 1928-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கைகரும் அவர் மாணவர் வால்தர் முல்லரும் உருவாக்கிய குழாய் உலகப் புகழ் பெற்றது. கதிரியக்கப் பொருள் எதையும் அருகில் வைக்காதபோதும் அது டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே இருந்தது. கருவியில் கோளாறு என்று தள்ளிவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முல்லர் குழாயைச் சுற்றிக் கனத்த உலோகக் கவசம் வைத்துப் பார்த்தார்; எண்ணிக்கை குறைந்தது. அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ வருகிறது. வானிலிருந்து இடைவிடாது பொழியும் அண்டக்கதிர்களைத்தான் குழாய் எண்ணிக்கொண்டிருந்தது. இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். இரைச்சல் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கருவி தானாகச் சொல்லும் பொய். மற்றொன்று, அழைக்காமல் வந்த விருந்தாளி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இனி குளிரின் பக்கம் போவோம். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெய்க்கே காமர்லிங் ஓன்ஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதன் கொதிநிலை 4.2 கெல்வின், அதாவது ஏறத்தாழ −269 டிகிரி செல்சியஸ். 1911 ஏப்ரல் 8 அன்று அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போனதை அவருடைய குழு கண்டது. அதுதான் மீக்கடத்தல். அன்றைக்கு அளவிடும் கால்வனோமீட்டரைக் குளிர்கலத்தின் பக்கத்தில் வைக்கவில்லை. பம்புகளின் அதிர்வு தொடக் கூடாது என்று சுமார் 50 மீட்டர் தள்ளி, வேறொரு இருட்டறையில் வைத்து ஹோல்ஸ்டும் டோர்ஸ்மனும் படித்தார்கள். மீக்கடத்தலின் முதல் நாளே இரைச்சலைத் தள்ளிவைத்த நாள்தான்.

இன்னொரு செய்தி. ஓன்ஸ் 1901-லேயே தம் ஆய்வகத்தோடு சேர்த்துக் கருவி செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தார். கண்ணாடி ஊதவும் உலோகம் கடையவும் கற்ற அந்தப் பிள்ளைகளின் கைகள் இல்லாமல் அந்தக் குளிர் கிடைத்திருக்காது. 1913-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஒருவர் பெயரில்தான் வந்தது.

மீக்கடத்தியை உணர்வியாக ஆக்கலாம் என்ற எண்ணமும் பழையதே. 1949-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூஸும் அவர் குழுவினரும் நையோபியம் நைட்ரைடு பட்டை ஒன்றைக் குளிர்வித்து, அதில் ஆல்ஃபா துகள் படும்போது மின்துடிப்பு எழுவதைக் காட்டினார்கள். ஆல்ஃபா துகளுக்கு ஆற்றல் அதிகம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் அதில் பல இலட்சத்தில் ஒரு பங்குதான். அதைப் பிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

பிடித்த இடம் எது தெரியுமா? மாஸ்கோ அரசு ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகம். ஆமாம் நண்பர்களே, ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனம். 1872-ல் பெண்களுக்கான உயர்கல்வி வகுப்புகளாகத் தொடங்கியது அதன் வரலாறு. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வாழ்நாளை ஓட்டிய எனக்கு இந்த வரியைத் தட்டச்சு செய்யும்போதே மனம் குளிர்கிறது. அங்கே கெர்ஷென்சோனும் கோல்ட்ஸ்மனும் மெல்லிய மீக்கடத்திப் படலங்களில் எலக்ட்ரான்கள் எப்படிச் சூடாகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்துவந்தார்கள். அந்த வேரிலிருந்து முளைத்ததுதான் 2001-ல் கோல்ட்ஸ்மன் குழுவும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக சொபொலெவ்ஸ்கி குழுவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. நையோபியம் நைட்ரைடு படலத்தின் கனம் சுமார் 5 நானோமீட்டர். நாம் எழுதும் தாளின் கனத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து வெட்டிய பட்டையின் அகலம் சுமார் 200 நானோமீட்டர். ஒற்றை ஃபோட்டான் பட்டதற்கு அது பதில் சொன்னது.

எப்படி? தளும்பும் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நீர் நிற்கிறது, சிந்தவில்லை. மேலே ஒரு சொட்டு விழுந்தால் சிந்திவிடும். மீக்கடத்தி தாங்கக்கூடிய மின்னோட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மாறுநிலை மின்னோட்டம் என்று பெயர். அதற்குச் சற்றுக் கீழே மின்னோட்டத்தை நிறுத்திவைப்பார்கள். ஒரு ஃபோட்டான் விழுந்தால் அந்தப் புள்ளி சூடாகி மீக்கடத்தலை இழக்கும். மின்னோட்டம் அந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும். ஒதுங்கும் இடத்தில் எல்லை மீறும். பட்டை முழுவதற்கும் தடை வந்துவிடும். அந்தக் கணத்தில் ஒரு மின்னழுத்தத் துடிப்பு பிறக்கும். அதுதான் 'உள்ளேன் ஐயா'. நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் பட்டை குளிர்ந்து பழைய நிலைக்கு வந்து, அடுத்த ஃபோட்டானுக்குக் காத்திருக்கும்.

இப்போது கள்ளக் குரலுக்கு வருவோம். இதிலும் இரண்டு வகைதான்.

முதல் வகை உள்ளிருந்து வருவது. தளும்பும் குடம் யாரும் தொடாமலே சில சமயம் சிந்தும். பட்டையின் ஓரத்தில் நுண்ணிய காந்தச் சுழல்கள் உருவாகிக் குறுக்கே பாயும்போது, ஃபோட்டான் வந்தது போலவே துடிப்பு எழும். மின்னோட்டம் எல்லையை நெருங்க நெருங்க இது மளமளவென்று ஏறும். குறைக்கும் வழி எளிது: மின்னோட்டத்தைக் கொஞ்சம் இறக்கு, இன்னும் குளிர்வி. ஆனால் மின்னோட்டத்தை இறக்கினால் உண்மையான ஃபோட்டானையும் உணர்வி தவறவிடத் தொடங்கும். பொய் சொல்லக் கூடாது என்று மிரட்டினால் பிள்ளை மெய்யையும் விழுங்கிவிடுவதில்லையா, அது போல.

இரண்டாம் வகை வெளியிலிருந்து வருவது. இதைத்தான் பின்னணி இரைச்சல் என்கிறோம். ஃபோட்டானை உணர்விக்குக் கொண்டுவருவது ஒளியிழை. அதன் ஒரு முனை 3 கெல்வின் குளிரில் இருக்கிறது. மறு முனை நாம் உட்கார்ந்திருக்கும் அறையில், 300 கெல்வினில். சூடான எந்தப் பொருளும் கதிர்வீசும் என்று பிளாங்க் சொன்னது நினைவிருக்கிறதா? சுவரும் மேசையும் நம் உடம்பும் அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன, ஒளியிழையும் அப்படித்தான். அந்த ஒளிர்வின் உச்சம் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில். தொலைத்தொடர்பில் பயன்படும் 1.55 மைக்ரோமீட்டர் அந்த வளைவின் கடைசி வால். வாலில் ஃபோட்டான்கள் மிகச் சொற்பம். ஆனால் ஒன்றைக்கூட விடாமல் எண்ணும் கருவிக்கு அந்தச் சொற்பமே கூட்டம். ஒளியிழை அறையின் வெப்பத்தைக் குழாய் போல் உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது.

இங்கே உணர்வி பொய் சொல்லவில்லை. ஃபோட்டான் மெய்யாகவே வந்தது. நாம் அனுப்பியது அல்ல, அவ்வளவுதான். பக்கத்து வகுப்புப் பையன் வந்து உட்கார்ந்துகொண்டு குரல் கொடுத்தால் அவனை எப்படிப் பிரிப்பது?

முதலில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒளி இல்லாதபோது வரும் எண்ணிக்கையை வரைபடமாக்கினால் இரண்டு சாய்வுகள் தெரியும். ஓரிடம்வரை மெதுவாக ஏறும். அது வெளியிலிருந்து வருவது. எல்லைக்கு அருகில் செங்குத்தாக ஏறும். அது உள்ளிருந்து வருவது. ஒளியிழையைக் கழற்றிவிட்டு உணர்வியைக் குளிர்ந்த உறையால் மூடினால் முதல் பகுதி விழுந்துவிடும். இரண்டாம் பகுதி அப்படியே நிற்கும். முல்லர் கவசம் வைத்துப் பார்த்த அதே தருக்கம்.

அடுத்தது வடிகட்டுவது. நமக்கு வேண்டிய அலைநீளத்தை மட்டும் விட்டு மற்றதை மறிக்கும் வடிகட்டி போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அதை எங்கே வைப்பது? அறையில் வைத்தால், அதற்குப் பிறகு வரும் ஒளியிழையும் அறை வெப்பத்தில்தான் இருக்கிறது, அதுவே கதிர்வீசும். காவல்காரனே திருட்டு வழியைத் திறந்துவிட்ட கதைதான். ஆகவே வடிகட்டியையும் குளிருக்குள் கொண்டுபோக வேண்டும். இன்னொரு எளிய உத்தியும் உண்டு. ஒளியிழையைக் குளிர்பகுதியில் சிறு வளையங்களாகச் சுற்றுவது. நீண்ட அலைகள் அந்த இறுக்கமான வளைவில் திரும்ப முடியாமல் வெளியே கசிந்துவிடும். குறுகிய அலை தப்பிப் போய்ச் சேரும். பெரிய செலவில்லாத, கைவினைஞன் மூளையில் உதிக்கும் உத்தி.

இதற்கெல்லாம் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். ஒட்டுக்கேட்க முடியாத இரகசியச் சாவியை ஒளித்துகள்களில் அனுப்பும் முறை ஒன்று உண்டு. குவாண்டம் சாவிப் பரிமாற்றம் என்று பெயர். தொலைவு கூடக் கூட ஃபோட்டான்கள் வழியிலேயே தொலையும். ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஷிபாட்டா குழு 2014-ல் 336 கிலோமீட்டர் ஒளியிழையில் இதைச் செய்துகாட்டியது. அந்த வழியில் இழப்பு 72 டெசிபல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஃபோட்டான்கள் புறப்பட்டால் ஒன்று போய்ச் சேரும். அங்கே நொடிக்கு நூறு கள்ளக் குரல் கேட்டால் சாவி எது, குப்பை எது? அவர்கள் குளிர்வித்த வடிகட்டியைக் கொண்டு இருட்டு எண்ணிக்கையை நொடிக்கு 0.01 என்று இறக்கினார்கள். நூறு நொடிக்கு ஒரே ஒரு பொய். சேர்ந்த செய்தியில் பிழை 3 சதவீதத்துக்கும் கீழே நின்றது. அந்தத் தொலைவுக்கு வழிவிட்டதில் பெரும்பங்கு மௌனத்துக்குத்தான்.

பொருளை மாற்றியும் வென்றார்கள். 2013-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமும் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகமும் சேர்ந்து டங்ஸ்டன் சிலிசைடு பட்டையில் 93 சதவீதத் திறனை எட்டின. நூறு ஃபோட்டான் வந்தால் 93-ஐ எண்ணும். இந்தப் பொருளை நையோபியம் நைட்ரைடைவிட இன்னும் குளிர்விக்க வேண்டும். ஆனால் மின்னோட்டம் எல்லையிலிருந்து நன்றாகக் கீழே இருக்கும்போதே அது முழுத் திறனைத் தந்துவிடும். குடத்தை விளிம்புவரை நிரப்ப வேண்டிய தேவையே இல்லை. உள்ளிருந்து வரும் பொய் தானாகக் குறைகிறது.

2023 அக்டோபரில் புறப்பட்ட சைக்கி விண்கலம் அதே டிசம்பரில் சுமார் 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசர் வழியாக ஒரு பூனையின் காணொளியை அனுப்பியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பூனையைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். அந்த ஒளி 101 நொடி பயணம் செய்து, பாலோமர் மலையின் பெரிய தொலைநோக்கியில் விழுந்து, எண்ணப்பட்டது இதே வகை மீக்கடத்தி நானோகம்பிகளில்தான். மாஸ்கோவின் ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகத்தில் முளைத்த விதை எங்கே போய்க் காய்த்திருக்கிறது பாருங்கள்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பேரண்டத்தின் கரும்பொருளைத் தேடுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு ஃபோட்டான் கிடைத்தாலும் பெரிது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், டங்ஸ்டன் சிலிசைடு உணர்வி 10,000 நொடிகள் இருட்டில் இருந்தது. ஒரு கள்ளக் குரல்கூடக் கேட்கவில்லை. 2022-ல் வெளியான தேடலில் இருட்டு எண்ணிக்கை நொடிக்கு 10 இலட்சத்தில் 6. அதாவது ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு குரல். கரும்பொருள் அகப்படவில்லை. ஆனால் 'இங்கே இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. உளறும் கருவியால் இந்த 'இல்லை'யைச் சொல்லவே முடியாது. இவ்வளவு அமைதி வந்த பிறகு, முல்லர் சந்தித்த பழைய விருந்தாளியான அண்டக்கதிரையும் மறுபடி கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, நூறாண்டுக்கும் மேற்பட்ட இந்தக் கதையில் எனக்குப் படுவது இரண்டு.

ஒன்று, 'ஆசிரியர் பயிற்சி' என்றால் கரும்பலகையில் அழகாக எழுதவும் பாடத்திட்டக் குறிப்பேடு நிரப்பவும் கற்றுத்தரும் இடம் என்ற இளக்காரம் நம்மிடம் இருக்கிறது. ஆசிரியரை உருவாக்கும் இடத்தில் ஆய்வகம் உயிரோடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாஸ்கோ சாட்சி. நம் பயிற்சி நிறுவனங்களில் பூட்டிக் கிடக்கும் ஆய்வக அறைகளின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, கற்பிப்பது பற்றியது. மேல்நிலை வகுப்பில் திருகு அளவியைக் கையில் கொடுத்ததும், எதையும் வைக்காமல் முனைகளைச் சேர்த்துச் சுழிப்பிழை பார் என்கிறோம். பிள்ளைகள் 'இல்லை' என்று எழுதிவிட்டு ஓடிவிடுகிறார்கள். நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இருட்டு எண்ணிக்கை என்பது அந்தச் சுழிப்பிழையின் அண்ணன்தான். எதையும் அளக்காதபோது உன் கருவி என்ன சொல்கிறது? அதைத் தெரிந்துகொண்டவனுக்குத்தான் அளந்ததைச் சொல்லும் உரிமை உண்டு.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செய்முறை வகுப்பில் சுழிப்பிழைக்கு மட்டும் ஒரு பாடவேளை முழுவதும் ஒதுக்கிப் பாருங்கள். ஆளுக்கொரு அளவியைக் கொடுத்து, ஒவ்வொருவரும் பத்து முறை வெறுமனே பார்த்து எழுதட்டும். என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்